பயணக் கேள்வி பதில்: காட்டு உச்சியில் ஒரு கம்பி

போன இதழில், மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிக்காவின் மோன்டெவெர்டே மேகக்காட்டில் ஜிப்லைனில் (மேடைக்கு மேடை சரிவாகக் கட்டிய கம்பியில், கப்பியில் தொங்கியபடி சறுக்கிப் போவது) போய்வந்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: இதுவரை போனதில்லை, ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, போகலாமா? அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

கே: அக்கா, டிசம்பர் லீவுக்கு நான், கணவர், 11 வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (61 வயது) எல்லாரும் கோஸ்டா ரிக்கா போகிறோம். ஜிப்லைன் போயே ஆகணும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கோ மூன்றாவது மாடி பால்கனியில் எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். நான் போகலாமா, இல்லை கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கட்டுமா? அம்மாவை என்ன செய்வது? (வாசகி, ஹூஸ்டன்)

ப: போங்கள். உள்ளங்கால் கூசுகிறவர்கள் போகக்கூடாது என்றால் நானே போயிருக்க முடியாது.

பால்கனியில் வரும் பயம் வேறு, கம்பியில் தொங்கும்போது இருப்பது வேறு. பால்கனியில் நம் எடையை நம் கால்தான் தாங்குகிறது, அது வழுக்கினால் என்ன ஆகும் என்றுதான் உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஜிப்லைனில் இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி ஹார்னஸ் என்கிற பட்டை இருக்கிறது, அதில் நீங்கள் உட்கார்ந்துதான் போகிறீர்கள், நிற்பதில்லை. எனவே மேடையில் உங்கள் முறை வந்து, கப்பியைக் கம்பியில் மாட்டியதும் முதலில் செய்யவேண்டியது ஒன்றுதான்: குதிப்பதைப் பற்றி யோசிக்காமல் முழங்காலை மடக்கி அந்தப் பட்டையில் முழு எடையோடு உட்கார்ந்துவிடுங்கள். பட்டை இழுத்துப் பிடிக்கும், கம்பி கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். தாங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும். அப்புறம் வழிகாட்டி "லிஸ்தோ?" என்று கேட்பார், தயாரா என்று அர்த்தம். தலையை ஆட்டினால் போதும், லேசாகத் தள்ளிவிடுவார். குதிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, வரிசையில் கடைசியில் நிற்காதீர்கள். பயம் கம்பியில் இருப்பதைவிடக் காத்திருக்கும் இடத்தில்தான் அதிகம். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக, மேடையில் ஆள் குறையக் குறைய வயிறு பிசைய ஆரம்பிக்கும். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போங்கள், முன்னால் ஒருவர் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்த்த தெம்பு இருக்கும். மகளை உங்களுக்கு முன்னால் அனுப்புங்கள், அந்தப் பக்க மேடையில் அவள் கை ஆட்டிக்கொண்டு நின்றால் நீங்கள் போகாமல் இருக்க மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் முதலில் ஒரு குட்டிக் கம்பியில் பழக்குவார்கள், அதோடு வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி நடந்துவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் மேடைக்கு மேடை காட்டுக்குள் போய்க்கொண்டே இருப்பீர்கள், நடுவில் எந்த மேடையிலிருந்து நடந்து வெளியேற வழி இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினால் மனசு லேசாக இருக்கும். கடைசியில் டார்சான் ஊஞ்சல், குப்புறப் படுத்தபடி பறக்கும் சூப்பர்மேன் கம்பி என்றெல்லாம் சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவையெல்லாம் விருப்பம்தான், வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அம்மா விஷயத்தில் வயதைப் பார்க்காதீர்கள், முட்டியைப் பாருங்கள். கம்பியில் போவது சுலபம், மேடைக்கு ஏறும் படிகளும் இடையிடையே ஈரமான ஏற்றப் பாதையும்தான் ஆளைக் களைக்க வைக்கும். மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போகிறது, முதுகுத்தண்டில் பிரச்சினை இருக்கிறது என்றால் ஊரில் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எல்லாம் சரி என்றால் முடிவை அம்மாவிடமே விடுங்கள், "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். நான் போன அன்று எங்கள் குழுவில் எல்லாரையும்விட மூத்த ஒரு பாட்டிதான் ஒவ்வொரு மேடையிலும் முதலில் போய் நின்றார்.

கே: என்ன உடுத்திக்கொண்டு போவது? சுடிதார் சரிப்படுமா? (வாசகி, கோவை)

ப: சுடிதாரின் பேன்ட் சரி, டாப்ஸ் குட்டையாக இருக்கட்டும், துப்பட்டா வேண்டவே வேண்டாம். பட்டை தொடை இடுக்கு வழியாகப் போய் இறுகும் என்பதால் புடவை, பாவாடை, லுங்கி எதுவும் ஆகாது. ரொம்பக் குட்டையான அரைக்கால் சட்டையும் வேண்டாம், பட்டை தோலில் உராய்ந்து சிவந்துவிடும்.

நம் பெண்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டியது தலைமுடி. கம்பியில் ஓடும் கப்பி உங்கள் முகத்துக்கு நேர் மேலேதான் இருக்கும், கிணற்றுக் கப்பியில் கயிறு மாட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, முடி மாட்டினாலும் அப்படித்தான். பின்னிக் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் தள்ளிவிடுங்கள், இல்லை பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். ஜிமிக்கி, வளையலைக் கழற்றி ஓட்டலிலேயே வைத்துவிடுங்கள். தாலிச் செயினைக் கழற்ற மனசு வராது என்றால் சட்டைக்குள் போட்டு மேல் பொத்தான் வரை மூடிக்கொள்ளுங்கள். செருப்பு கூடாது, பின்பக்கம் மூடிய ஷூ. மோன்டெவெர்டே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், டிசம்பர் ஜனவரியில் காற்று பலமாக வீசும், அதனால் காற்றும் சாரலும் உள்ளே வராத மெல்லிய ஜாக்கெட் ஒன்று கட்டாயம் வேண்டும்.

கே: வழிகாட்டிகள் மாட்டிவிடுவதை நம்பித்தானே போகிறோம்? பாதுகாப்பாகத்தான் செய்கிறார்கள் என்று எங்களைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும்? (வாசகர், பெங்களூரு)

ப: இதைத்தான் எல்லாரும் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இஞ்சினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விதி மனதில் இருந்தால் போதும்: தரையை விட்டுக் கால் கிளம்பியதிலிருந்து திரும்பத் தரையைத் தொடும் வரை, ஒரு நொடிகூட நீங்கள் எதிலும் மாட்டப்படாமல் இருக்கக்கூடாது. கம்பியில் போகும்போது இதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது, கவனிக்கவேண்டிய இடம் மேடை. மரத்தைச் சுற்றி ஒரு தனிக் கம்பி கட்டியிருப்பார்கள். நீங்கள் வந்து சேர்ந்ததும் உங்கள் இடுப்பிலிருக்கும் வாரை முதலில் அந்தக் கம்பியில் மாட்டிவிட்டு, அதற்கு அப்புறம்தான் மேலே இருக்கும் கப்பியைக் கழற்ற வேண்டும். கிளம்பும்போது இதற்கு நேர் எதிர்: கப்பியை மாட்டிவிட்டு அப்புறம் வாரைக் கழற்றுவது. நல்ல வழிகாட்டியின் கையைப் பாருங்கள், பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தாலும் கை இந்த வரிசையை மாற்றாது. நான் மோன்டெவெர்டேயில் பார்த்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கொக்கியை மாட்டுவார், அதன் திருகை விரலால் இறுக்குவார், அப்புறம் அதே கொக்கியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார், திறக்கிறதா என்று. பத்துப் பன்னிரண்டு மேடைகளிலும், எங்கள் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும், ஒரு தடவைகூட அந்த அழுத்தலை விடவில்லை. எனக்கு அன்றைக்குப் பயத்தை எடுத்தது அந்தக் கட்டைவிரல்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் பார்த்திருக்கிறேன். அதற்குச் சில வருடம் முன்னால், வேறொரு மலை ஊரில், தொடைப் பட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது, கப்பியோடு ஒரே ஒரு வார்தான், துணைக்கு இரண்டாவது வார் இல்லை. கேட்டதற்கு, பத்து செகண்ட்தானே மேடம், ஒன்றும் ஆகாது என்றார் அங்கே நின்றவர். நான் ஏறிய படியிலேயே இறங்கி வந்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போகட்டும், அன்றைக்கு இறங்கியதற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

எனவே கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்கிறதா, தொடைப் பட்டைக்குள் உள்ளங்கையைத் தட்டையாக நுழைக்கலாம், ஆனால் முஷ்டி நுழையக்கூடாது. கப்பி ஒரு பிணைப்பு, அது போக இன்னொரு வார் இருக்க வேண்டும். கம்பியின் இரண்டு முனைகளிலும் ஆள் இருக்க வேண்டும், அந்தப் பக்கம் யாரும் இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவிடும் இடம் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எடையைக் கேட்கிறார்களா என்று பாருங்கள், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று கட்டாயம் இருக்க வேண்டும். கேட்காமலே டிக்கெட் கிழிக்கிறவர்களிடம் மற்றதும் அப்படித்தான் இருக்கும். இடி மின்னல் வந்தால் நிறுத்துவீர்களா என்று கேளுங்கள், ஆமாம் என்று உடனே பதில் வர வேண்டும்.

கே: நடுவழியில் நின்றுவிட்டால்? (மாணவர், திருச்சி)

ப: நிற்கலாம், குறிப்பாக நீங்கள் ஒல்லி என்றால். துணி காயப்போடும் கொடி நடுவில் தொய்ந்திருக்கும் இல்லையா, ஜிப்லைன் கம்பியும் அப்படித்தான். சரிவில் வேகம் எடுத்து, தொய்வின் அடியைத் தாண்டி, கடைசிக் கொஞ்ச தூரம் லேசான ஏற்றத்தில் போய்ச் சேருவீர்கள், அந்த ஏற்றமே வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். எடை குறைந்தவர்களுக்கு, அதுவும் எதிர்க்காற்று அடித்தால், அந்த ஏற்றத்தில் ஏற வேகம் பத்தாது. நின்று, கொஞ்சம் பின்னால் சறுக்கி, தொய்வில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஏழாவது கம்பியில் இது நடந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை. போகும் திசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கம்பியை ஒரு கை மாற்றி ஒரு கை பிடித்து, கிணற்றில் வாளியை இழுப்பது போல இழுத்தால் உடம்பு பின்னோக்கி நகரும். முடியவில்லை என்றால் சும்மா இருங்கள், வழிகாட்டி கம்பியில் வந்து உங்களை இழுத்துக்கொண்டு போவார்.

கம்பியைக் கையால் பிடித்து வேகத்தைக் குறைக்கும் முறை கோஸ்டா ரிக்காவில் பல இடங்களில் உண்டு, அதற்காகத்தான் கனமான தோல் கையுறை தருகிறார்கள். கை எப்போதும் கப்பிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் சக்கரம் விரல் மேல் ஏறிவிடும். இதைப் பயிற்சியிலேயே சொல்வார்கள், ஆனால் பதற்றத்தில் மறந்துபோகும் என்பதால் நானும் சொல்கிறேன். வழிகாட்டி சைகை காட்டும் முன் பிடிக்கவும் வேண்டாம், ஆர்வத்தில் சீக்கிரமே பிடித்துத்தான் பாதிப் பேர் நடுவில் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

ஆனால் ஒன்று. அந்த இரண்டு மூன்று நிமிஷம்தான் அன்றைய நாளில் நான் காட்டைச் சரியாகப் பார்த்த நேரம். கப்பியின் விர்ரென்ற சத்தம் அடங்கியதும் காடு முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. கீழே மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, அதற்குள்ளிருந்து மர உச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிளை, மரப்பட்டையே தெரியாத அளவுக்குப் பாசி, பாசியில் பெரணி, அன்னாசிக் குடும்பத்துச் செடி ஒன்று கிண்ணம் மாதிரி விரிந்து அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சோலை என்கிறோமே, அதே ஈரம், அதே பாசி வாசம்.

கே: ஜிப்லைனில் போனால் குவெட்சால் பறவை, குரங்கு எல்லாம் பார்க்கலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

ப: பார்க்க முடியாது. அந்த வேகத்தில், அந்தச் சத்தத்தில், கூடவே நாம் போடும் கத்தலில் எந்தப் பறவையும் கிட்டே இருக்காது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜிப்லைன் மட்டும் போய்விட்டு மோன்டெவெர்டேயைப் பார்த்துவிட்டோம் என்று கிளம்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்க முடியவில்லை.

இந்தக் கம்பியெல்லாம் எதற்காக வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மழைக்காட்டின் உயிர்களில் பெரும் பங்கு மர உச்சியில்தான் இருக்கிறது, தரையில் நிற்கிறவருக்கு அது தெரியாது. 1970களில் டொனால்ட் பெர்ரி என்ற உயிரியலாளர், கோஸ்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில், குறுக்குவில்லால் மரக்கிளைகளுக்கு மேலே கயிற்றை எய்து, அந்தக் கயிற்றில் ஏறி, உச்சியிலேயே உட்கார்ந்து பூச்சியையும் பூவையும் பார்த்தார். சுற்றுலாக்காரர்கள் அதே உச்சிக்கு ஏறி மரத்துக்கு மரம் கம்பியில் போக ஆரம்பித்தது 1990களில், மோன்டெவெர்டேயில். பார்க்கத்தான் மேலே ஏறினார்கள், வேகம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் காடு மிஞ்சியதும் ஒரு கதை. 1948-ல் கோஸ்டா ரிக்கா தன் ராணுவத்தைக் கலைத்தது. போருக்குப் போக மாட்டோம் என்ற கொள்கை உடைய குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்கள் சில, அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து கிளம்பி, ராணுவம் இல்லாத நாடு என்று தேடி 1951-ல் இந்த மலைக்கு வந்தன. மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள், ஆனால் தங்களுக்குத் தண்ணீர் வரும் மேல்மலைக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972-ல் அங்கே காப்புக்காடு உருவானபோது அந்தப் பகுதியும் சேர்த்துக் காப்பாற்றப்பட்டது. அப்படிக் காத்த காட்டிலும் இழப்பு நடந்திருக்கிறது. அந்த மலைமுகட்டைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பொன் நிறத் தேரை ஒன்று அங்கே இருந்தது, 1989-க்கு அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை.

அதனால் ஒரு நாள் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். தொங்குபாலத்தில் நடங்கள், அதே உயரம், ஆனால் உங்கள் இஷ்டத்துக்கு நிற்கலாம். காலையில் உள்ளூர் வழிகாட்டியோடு காப்புக்காட்டுக்குள் போங்கள், குவெட்சால் எந்த மரத்துக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும், காட்டு அவகாடோவின் சின்னச் சின்னக் காய்தான் அதற்கு உயிர். (அவகாடோவும் நம் இலவங்கப்பட்டையும் ஒரே குடும்பம்.) கூடு கட்டும் காலமான மார்ச்சை ஒட்டிப் போனால் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அங்கே இருக்கும் ஆலமரத்து உறவு மரங்கள். பனைமரத்து உச்சியில் பறவை போட்ட எச்சத்தில் ஆலஞ்செடி முளைத்து, வேரைக் கீழே இறக்கி, பனையையே சுற்றி வளைத்துக்கொள்வதை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். ஆல், அரசு, அத்தி எல்லாம் ஒரே பேரினம், அதே பேரினத்து மரங்கள் மோன்டெவெர்டேயிலும் இதையே செய்கின்றன. உள்ளே மாட்டிய மரம் செத்து மக்கிப்போனதும், பின்னிய வேர்கள் மட்டும் கூடு மாதிரி நிற்கும். அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன், வேர் ஏணி போல மேலே போய்க்கொண்டே இருந்தது, உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வானம்.

கே: மரத்தில் மேடை கட்டிக் கம்பி இழுப்பதால் மரம் கெட்டுப்போகாதா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: கவனம் இல்லாமல் கட்டினால் கெடும். இலையில் சமைத்த சாப்பாடு பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கம்பியை நேராக மரத்தில் சுற்றி இறுக்கினால், மரம் பருக்கப் பருக்க அந்தக் கம்பி பட்டையை அறுத்து, சுற்றிலும் பாதையை அடைத்துவிடும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். அக்கறை உள்ளவர்கள் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே மரக்கட்டைகளைச் சுற்றி வைப்பார்கள், மரம் பருத்ததும் தளர்த்திக் கொடுப்பார்கள். மரத்தையே தொடாமல் இரும்புத் தூணில் மேடை அமைத்த இடங்களும் நிறைய உண்டு, பார்க்க அழகில்லை, ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும். மேடையில் காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கொக்கியையும் பார்த்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

கே: எந்த நேரத்துக்கு டிக்கெட் எடுப்பது? மழை பெய்தால் பணம் போச்சா? (வாசகர், சென்னை)

ப: காலை முதல் குழு. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும், காலை வெளுத்திருக்கும். வெறும் மழைக்கு நிறுத்த மாட்டார்கள், இடி மின்னலுக்கும் பலத்த காற்றுக்கும்தான் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் பணமா, மறுநாளா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், மோன்டெவெர்டேயில் தங்கும் முதல் நாளுக்கே எடுத்துவிட்டால் மறுநாள் என்று சொன்னாலும் கையில் நாள் இருக்கும். ஈரக் கம்பியில் கையுறை சரியாகப் பிடிக்காது, அன்றைக்கு வழிகாட்டியின் சைகை மேல் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் நாடா கட்டிக்கொள்ளுங்கள், போனை ஜிப் போட்ட பாக்கெட்டில் வையுங்கள், அங்கிருந்து விழுந்தால் அது காட்டுக்குத்தான்.